புற்றுநோய் மருந்து ஆராய்ச்சிக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் பணம் என்ன செய்கிறது?

ஒரு குடும்பம் தன் சொந்தச் செல்வத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஒரு மருத்துவமனையில் நடக்கும் புற்றுநோய் மருந்து ஆராய்ச்சிக்குக் கொடுப்பது பல நாடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். செய்தியில் அதைப் படிக்கிறவர்களுக்குத் தொகைதான் முதலில் கண்ணில் படும். ஆனால் அந்தப் பணம் ஆராய்ச்சியின் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது, எந்தச் செலவை ஏற்கிறது, கொடுத்தவர்கள் எந்த இடத்தில் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பவற்றைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. உரிய நேரத்தில் வரும் சிறிய கொடை, காலம் கடந்து வரும் பெரிய கொடையைவிடப் பல சமயங்களில் அதிகம் சாதிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் புரிய வேண்டுமானால், ஒரு மருந்து எப்படி உருவாகிறது என்பதை முதலில் சற்றுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புற்றுநோய் மருந்து ஒன்றின் பாதை பெரும்பாலும் ஆய்வகத்தில் தொடங்குகிறது. புற்றுச் செல் உயிர்வாழ ஒரு குறிப்பிட்ட புரதத்தை நம்பியிருக்கிறது என்று ஓர் ஆய்வுக் குழு கண்டறிகிறது. அந்தப் புரதத்தின் செயலைத் தடுக்கும் வேதிப்பொருளை வேறு சிலர் தேடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்து, மிஞ்சும் சிலவற்றைச் செல்களிலும் பிறகு விலங்குகளிலும் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதைத் தாண்டிய பிறகு மனிதர்களிடம் நடக்கும் மூன்று கட்டச் சோதனைகள் வருகின்றன. முதல் கட்டத்தில் மருந்து பாதுகாப்பானதா, எந்த அளவு வரை கொடுக்கலாம் என்று பார்க்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட வகைப் புற்றுநோயில் பலன் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில், நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, நடைமுறையில் உள்ள சிகிச்சையைவிடப் புதியது மேலானதா என்று ஒப்பிடுகிறார்கள். இந்த முழுப் பாதைக்கும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆவது சாதாரணம். முதல் கட்டச் சோதனைக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் ஏறத்தாழ இருபதில் ஒன்றுதான் இறுதியில் ஒப்புதல் பெற்று நோயாளியின் கைக்கு வருகிறது.

இந்தப் பாதையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பணம் கொடுக்க ஆள் உண்டு. அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசுகள் நிதி ஒதுக்குகின்றன. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி ஒதுக்கீடு மட்டும் 700 கோடி டாலரைத் தாண்டும். மூன்றாம் கட்டச் சோதனையை, வெற்றி பெற்றால் லாபம் வரும் என்பதால், மருந்து நிறுவனங்கள் ஏற்று நடத்துகின்றன. இடையில் இருக்கும் பகுதிதான் வறண்ட நிலம். விலங்குகளில் வேலை செய்த ஒரு பொருளை முதல் மனிதருக்குக் கொடுப்பதற்கு முன், அதை மாசில்லாமல், ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் இருக்கும்படி, விதிமுறைகளுக்கு உட்பட்ட ஆலையில் தயாரிக்க வேண்டும். நச்சுத்தன்மைச் சோதனைகளை முறைப்படி செய்து முடிக்க வேண்டும். ஒழுங்குமுறை அமைப்புக்குப் பெரும் ஆவணக் கட்டு ஒன்றைத் தயாரித்து அனுமதி பெற வேண்டும். சோதனையில் சேர்பவர்களுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். இவற்றில் எதுவும் புதிய அறிவியல் இல்லை என்பதால் ஆராய்ச்சி நிதிக் குழுக்கள் ஆர்வம் காட்டுவதில்லை. மனிதரிடம் பலன் தெரிந்ததற்குச் சான்று இன்னும் இல்லை என்பதால் நிறுவனங்களும் தயங்குகின்றன. சான்று இருந்தால் பணம் வரும், பணம் இருந்தால்தான் சான்று கிடைக்கும் என்ற இந்த முடிச்சை அவிழ்க்க, தோல்வியைத் தாங்கக்கூடிய பணம் எங்கிருந்தாவது வர வேண்டும்.

குடும்பக் கொடைக்கு உரிய இடம் இதுதான். ஒரு குடும்பம் பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அடுத்த தேர்தலையோ அடுத்த காலாண்டையோ நினைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது முயற்சி தோற்கும் என்று தெரிந்தே பணம் கொடுக்கும் உரிமை அதற்கு இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல், உறுதியாக வெற்றி பெறும் என்று தோன்றும் திட்டத்துக்கு மட்டும் கொடுப்போம் என்று ஒரு குடும்பம் நினைத்தால், மற்றவர்கள் எப்படியும் கொடுக்கப்போகும் பணத்தோடு தன் பணத்தையும் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

கார்-டி சிகிச்சையின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும்படி அவற்றின் மரபணுவில் மாற்றம் செய்து, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் அதே நோயாளியின் உடலில் செலுத்துவதுதான் இந்தச் சிகிச்சை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் என்பவரின் குழு இதில் ஈடுபட்டிருந்த காலத்தில், உயிருள்ள செல்லை மருந்தாகக் கொடுப்பது மிக அபாயமான எண்ணமாகவே பலருக்குப் பட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டிய ஒன்றை எப்படி விற்பது என்று மருந்து நிறுவனங்களும் ஒதுங்கி இருந்தன. பார்பரா நெட்டர், எட்வர்ட் நெட்டர் என்ற தம்பதியர், தங்கள் மருமகள் மார்பகப் புற்றுநோயோடு போராடியதைக் கண்டு, புற்றுநோய்க்கான மரபணு சிகிச்சை ஆராய்ச்சிக்கென்றே 2001-இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார்கள். அந்த அறக்கட்டளை ஜூனின் குழுவுக்கு ஆரம்பகட்ட நிதி கொடுத்தது.

2010-இல் அந்தச் சிகிச்சை மூன்று நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. மூன்று பேரோடு நின்றதற்குக் காரணம், அதற்கு மேல் பணம் இல்லாததுதான். மூவருக்கும் வேறு எந்தச் சிகிச்சையும் பலனளிக்காத நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் இருந்தது. இருவருக்கு நோய் முழுமையாக மறைந்தது. மூன்றாமவருக்கு ஓரளவு குறைந்தது. முடிவுகள் 2011 ஆகஸ்டில் வெளியானதும் நிலைமை தலைகீழாக மாறியது. அதுவரை ஒதுங்கியிருந்த மருந்து நிறுவனங்கள் தேடி வந்தன. 2012-இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டு பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில், கைவிடப்பட்ட நிலையில் இருந்த ஒரு சிறுமிக்கு அது கொடுக்கப்பட்டு அவள் பிழைத்தாள். 2017 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. முதலில் சிகிச்சை பெற்றவர்களில் இருவரின் உடலில் பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்த மாற்றப்பட்ட செல்கள் உயிரோடு இருந்தன என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. பின்னால் வந்த நிறுவன முதலீட்டோடு ஒப்பிட்டால் அறக்கட்டளை கொடுத்தது சிறிய தொகை. ஆனால் அது இல்லாமல் அந்த மூன்று பேரின் முடிவு கையில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்ததும் இதே வகையைச் சேர்ந்தது. அங்கே நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த சிட்னி ஃபார்பர், லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் தொடர்பான பொருள்களைக் கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதைக் கவனித்தார். அப்படியானால் ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுத்தால் நோய் அடங்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கான வேதிப்பொருள்களை லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு தயாரித்துக் கொடுத்தது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நவீன வேதிச் சிகிச்சையின் தொடக்கத்தில் அவருக்கு இருக்கும் இடத்தை நம்மில் பலர் இன்னும் அறிந்திருக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அமினோப்டெரின் என்ற அந்த மருந்து 16 குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டதில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டு மே மாதம் ஒரு வானொலி நிகழ்ச்சியில் விடுத்த வேண்டுகோளுக்கு, பொதுமக்களிடமிருந்து 2,31,000 டாலருக்கு மேல் திரண்டது. பல்லாயிரம் பேர் சிறுகச் சிறுகக் கொடுத்த அந்தப் பணத்தில் வளர்ந்த ஆராய்ச்சி நிலையம், பிற்காலத்தில் சார்லஸ் டானா என்பவரின் அறக்கட்டளை கொடுத்த பெருந்தொகையை ஏற்று, 1983 முதல் டானா-ஃபார்பர் என்ற பெயரில் இயங்குகிறது.

மருத்துவமனைக்கு ஏன் கொடுக்க வேண்டும், பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். ஆய்வகத்தில் செல்லும் எலியும் உண்டு, நோயாளி இல்லை. மருந்து வேலை செய்வதை நிறுத்திவிட்ட அன்று கட்டியில் என்ன மாறியது என்பதை அறிய, அந்த நோயாளியின் திசு மாதிரியை அப்போதே எடுத்துப் பாதுகாக்க வேண்டும். அதைச் செய்யக்கூடிய இடம் மருத்துவமனை ஒன்றுதான். காலையில் நோயாளியைப் பார்த்துவிட்டு மாலையில் ஆய்வகத்தில் உட்காரும் மருத்துவர்கள் இருக்கும் இடத்தில்தான், எந்த மருந்து யாருக்கு ஏன் பலனளிக்கவில்லை என்ற கேள்வியே எழுகிறது. ஃபார்பருக்கு அந்தக் கேள்வி எழுந்ததும் அப்படித்தான்.

முதல் கட்டச் சோதனை நடக்கும் ஒரு பிரிவில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்தால், பணம் எங்கே செலவாகிறது என்பது எளிதில் விளங்கும். வழக்கமான முறை ஒன்றில், மிகக் குறைந்த அளவு மருந்து முதலில் மூன்று பேருக்குக் கொடுக்கப்படுகிறது. அவர்களில் ஒருவருக்கும் கடுமையான நச்சு விளைவு வரவில்லை என்றால், அடுத்த மூன்று பேருக்குச் சற்றுக் கூடுதல் அளவு. மூவரில் ஒருவருக்கு வந்தால், அதே அளவில் இன்னும் மூன்று பேருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஓர் அளவில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ வந்துவிட்டால், எல்லை தாண்டிவிட்டது என்று முடிவுசெய்து ஒரு படி கீழே இறங்குகிறார்கள். மருந்து கொடுத்த முதல் நாளில், அரை மணி கழித்து ஒரு தடவை, பிறகு ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, எட்டு மணி, மறுநாள் காலை என்று குறித்த நேரம் பிசகாமல் இரத்தம் எடுக்க வேண்டும். உடலில் மருந்து எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பது அதிலிருந்துதான் தெரியும். எடுத்த ஒவ்வொரு குழாயையும் உடனே சுழற்றிப் பிரித்து, பெயருக்குப் பதில் எண் ஒட்டி, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைக்க வேண்டும். ஒரு குழாய் தாமதமானாலும் அதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இதற்கு ஆய்வுப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வேண்டும். மருந்தைக் கணக்கு வைத்து வழங்கும் மருந்தாளர் வேண்டும். ஒவ்வொரு வாந்தியையும் காய்ச்சலையும் தரவரிசைப்படி பதிவு செய்யும் தரவு மேலாளர் வேண்டும். இரவிலும் அழைத்தால் வரக்கூடிய மருத்துவர் வேண்டும். புதிய கட்டடத்தின் படம் செய்தித்தாளில் வரும். தரவு மேலாளரின் சம்பளம் எந்தச் செய்தியிலும் வராது. ஆனால் கட்டடம் இருந்து ஆள் இல்லாததால் தொடங்க முடியாமல் நிற்கும் சோதனைகள் உண்டு. ஆகவே ஒரு குடும்பம், ‘எங்கள் பணத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு நான்கு ஆய்வுச் செவிலியர்கள் வேலை செய்யட்டும்’ என்று சொன்னால், அதைக் கேட்கும் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் அடையும் மகிழ்ச்சி, பெயர்ப்பலகை வைத்த ஓர் அரங்கத்தைக் கேட்டு வராது.

லண்டனில் உள்ள ராயல் மார்ஸ்டன் மருத்துவமனை இந்த வகையில் நல்ல எடுத்துக்காட்டு. வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவர், தன் மனைவி 1846-இல் புற்றுநோயால் இறந்ததை அடுத்து 1851-இல் தொடங்கிய மருத்துவமனை அது. அதன் முதல் கட்டச் சோதனைப் பிரிவுக்கு ஓக் அறக்கட்டளை ஆதரவளித்தது. பிரிவும் அந்த அறக்கட்டளையின் பெயரையே தாங்கியிருக்கிறது. வரியில்லாக் கடைத் தொழிலில் செல்வம் சேர்த்த ஆலன் பார்க்கரின் குடும்பம் நடத்தும் அறக்கட்டளை அது. அருகிலேயே உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட அபிராட்டெரோன் என்ற புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் மருந்து, இந்த மருத்துவமனையில் நடந்த சோதனையில்தான் தன் வலிமையைக் காட்டியது. அந்த முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. 2011-இல் மருந்து ஒப்புதல் பெற்றது. பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் உண்டாகும் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களுக்கான ஓலாபரிப் மருந்தின் முதல் மனிதச் சோதனையிலும் இந்த மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு. குடும்ப அறக்கட்டளை அங்கே ஒரு குறிப்பிட்ட மருந்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பல மருந்துகளைச் சோதிக்கக்கூடிய ஓர் இடத்தை நிலைநிறுத்த உதவியது. எந்த மருந்து வெல்லும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாத துறையில், இதைவிட அறிவுள்ள கொடை இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

கொடை பல வடிவங்களில் வருகிறது. குறித்த ஆண்டுகளுக்குள் முழுவதும் செலவழிப்பது ஒரு வகை. மூலத்தொகையைத் தொடாமல் முதலீடு செய்து, ஆண்டுதோறும் அதில் நான்கைந்து விழுக்காடு அளவுக்கு மட்டும் எடுத்துச் செலவிடுவது இன்னொரு வகை. ஒரு பேராசிரியர் பதவியையோ ஆண்டு உதவித்தொகையையோ காலங்காலமாக நடத்த இது ஏற்றது. ஆனால் இந்த ஆண்டே ஒரு மருந்துத் தொகுதியைத் தயாரிக்க வேண்டிய நிலையில் இருக்கும் குழுவுக்கு, மூலத்தில் இருபதில் ஒரு பங்கு மட்டும் கையில் வருவது போதாது. மூன்றாவது வகை, நீங்கள் இவ்வளவு திரட்டினால் நாங்களும் அவ்வளவு கொடுக்கிறோம் என்று சவால் விடுவது. நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபில் நைட்டும் அவர் மனைவி பென்னியும் 2013-இல் ஓரிகன் உடல்நல அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு 50 கோடி டாலர் தருவதாக அறிவித்தபோது, இரண்டு ஆண்டுகளுக்குள் அதே அளவு தொகையை வேறு வழிகளில் திரட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். மாநில அரசின் 20 கோடி டாலர் கடன்பத்திரமும் ஆயிரக்கணக்கானோரின் நன்கொடையும் சேர்ந்து 2015-இல் அந்த இலக்கு எட்டப்பட்டது.

அந்தக் கொடைக்குப் பின்னால் இருப்பது இமாட்டினிப் என்ற மருந்தின் கதை. நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவை மாத்திரையால் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டிய அந்த மருந்தின் முதல் மனிதச் சோதனையை, அதே பல்கலைக்கழகத்தின் பிரையன் ட்ரூக்கர் 1998-இல் தொடங்கினார். 2001 மே மாதம் அது ஒப்புதல் பெற்றது. நைட் குடும்பத்தின் பெரிய கொடைகள் 2008 முதல், அந்த வெற்றி உலகறிந்த பிறகே வந்தன. நெட்டர் குடும்பத்தின் பணம் வெற்றிக்கு முன்பும், நைட் குடும்பத்தின் பணம் வெற்றிக்குப் பின்பும் வந்திருக்கிறது. பின்னால் வருவதும் வீண்போவதில்லை. ஒரு வெற்றியைக் கண்ட குழுவைக் கலையாமல் காத்து, அடுத்த கேள்விக்கு அனுப்ப அது உதவுகிறது. எனினும் நூறு குடும்பங்கள் பின்னால் வரத் தயாராக இருக்கும்போது முன்னால் வர ஒன்றிரண்டு குடும்பங்களே முன்வருகின்றன என்பது கவலைக்குரியது.

குடும்பப் பணத்துக்கு மிகப் பொருத்தமான, ஆனால் பெரும்பாலும் கவனிக்கப்படாத இன்னொரு வகை ஆராய்ச்சி இருக்கிறது. காப்புரிமை முடிந்த பழைய மருந்துக்குப் புதிய பயன் இருக்கிறதா, இருக்கும் மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் போதுமா, இரண்டு ஆண்டுகள் கொடுப்பதை ஓராண்டில் நிறுத்தலாமா போன்ற கேள்விகளை எந்த மருந்து நிறுவனமும் கேட்காது. விடை கிடைத்தால் அதன் விற்பனைதான் குறையும். மேலே சொன்ன அபிராட்டெரோனையே எடுத்துக்கொள்வோம். அதை நாளுக்கு 1,000 மில்லிகிராம், வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும் என்பதுதான் ஒப்புதல் பெற்ற முறை. உணவோடு சாப்பிட்டால் மருந்து உடலில் பல மடங்கு அதிகமாகச் சேரும் என்பது முன்பே தெரிந்த செய்தி. அப்படியானால் கால் பங்கு அளவான 250 மில்லிகிராமைக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு கொடுத்தால் என்ன என்று 72 நோயாளிகளிடம் ஒரு சிறிய சோதனை நடத்தினார்கள். நோயின் போக்கைக் காட்டும் இரத்தக் குறியீட்டில் இரு முறைகளுக்கும் இடையே குறைவு தெரியவில்லை என்று 2018-இல் முடிவு வெளியானது. சிறிய சோதனை என்பதால் உயிர்வாழும் காலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்லப் பெரிய சோதனை வேண்டும். அந்தப் பெரிய சோதனைக்குப் பணம் கொடுக்கத் துணியும் குடும்பம், ஒரு மருந்தின் விலைச் சுமையை உலகெங்கும் குறைக்கும் வாய்ப்பைத் தன் கையில் வைத்திருக்கிறது. அரிய புற்றுநோய்களும், குழந்தைகளுக்கு மட்டும் வரும் புற்றுநோய்களும் இதே காரணத்தால், அதாவது வாங்குவோர் குறைவு என்பதால், நிறுவனங்களால் ஒதுக்கப்படுகின்றன.

இழப்பு ஏற்பட்ட ஒரு குடும்பம், தன் உறவினரை எந்தப் புற்றுநோய் பறித்ததோ அதற்கே பணம் கொடுக்க விரும்புவது இயற்கை. அந்தத் துயரிலிருந்து பெரிய நன்மைகள் விளைந்திருக்கின்றன. லேடி மெஹர்பாய் டாட்டா 1931-இல் லுகேமியாவால் இறந்தார்; அவர் கணவர் சர் தோராப்ஜி டாட்டா அடுத்த ஆண்டு அவர் நினைவாக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். இந்த நோயை ஆராயும் விஞ்ஞானிகளுக்கு, அவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும், உதவித்தொகை கொடுப்பது அதன் நோக்கம். வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு பன்னாட்டு ஆராய்ச்சிக்குப் போகிறது. லுகேமியாவுக்கு மருந்தென்று சொல்ல எதுவுமே இல்லாத காலத்தில் அப்படி எண்ணியது அபூர்வமான தொலைநோக்கு. சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை மும்பையில் 1941 பிப்ரவரியில் டாட்டா நினைவு மருத்துவமனையைத் திறந்தது. பின்னர் 1957-இல் அதை இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் ஏற்றுக்கொண்டது. 1962-இல் அணுசக்தித் துறையிடம் போனது. குடும்பம் தொடங்கியதை அரசு தாங்கிப் பிடித்ததால்தான் அது இன்றைய அளவுக்கு வளர்ந்தது. ஆகவே குடும்பக் கொடை இருக்கிறதே என்று அரசு தன் நிதியைக் குறைத்தால், அது கொடையின் பயனையே கெடுத்துவிடும். எந்த நோய் ஆராயப்படும் என்பதைச் செல்வந்தர்களின் வீட்டுத் துயரம் மட்டும் முடிவுசெய்தால், வறியவர்களிடையே அதிகம் காணப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய் போன்றவை கடைசி வரிசைக்குப் போய்விடும்.

இனி, கொடுத்தவரின் எல்லை. பணம் தந்த குடும்பத்துக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு, தலையிடும் உரிமை இல்லை. சோதனையில் யார் சேரலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்த மருத்துவத் தகுதிகள்தான் முடிவுசெய்யும். குடும்பத்தின் நண்பர் என்பதால் ஒருவரைச் சேர்க்க முடியாது. எந்தப் பிரிவில் யார் என்பதைக் கணினி குலுக்கல் முறையில் ஒதுக்குகிறது. இடைக்கால முடிவுகளை, மருத்துவருக்கும் நிதி கொடுத்தவருக்கும் காட்டாமல், தனியான பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு பார்க்கிறது. ஆபத்து தெரிந்தால் சோதனையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. முதல் கட்டச் சோதனையில் சேர்கிறவர்களின் ஒப்புதலை, இது அவர்களைக் குணப்படுத்தும் என்ற உறுதி இல்லை, மருந்தின் பாதுகாப்பை அறிவதே நோக்கம் என்று தெளிவாகச் சொல்லித்தான் பெற வேண்டும். அவர்களில் பலர் தங்களுக்குப் பலன் கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தே சேர்கிறார்கள். பணம் கொடுத்தவரைவிட அவர்கள் கொடுப்பதுதான் பெரிது என்பதை எந்தக் கொடையாளரும் மறக்கக் கூடாது.

முடிவு சாதகமாக இல்லாவிட்டாலும் அதை வெளியிட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். தோல்வியை மறைத்தால், அதே மருந்தை அதே வழியில் வேறொரு மருத்துவமனை மீண்டும் சோதித்து, இன்னும் சில நோயாளிகளைப் பயனின்றி வருத்தும். குடும்பத்தாரில் யாருக்காவது அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்தில் பங்கு இருந்தால், அதை நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

வெற்றி கிடைத்தால் வரும் வருவாயில் பங்கு கேட்கும் கொடை முறையும் இப்போது உண்டு. புற்றுநோய்க்கு வெளியே இதற்குப் பெயர்பெற்ற சான்று, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய்க்கான அமெரிக்க அறக்கட்டளை. மருந்து உருவாக்கத்தில் முதலீடு செய்து, தனக்கு வரவேண்டிய உரிமத்தொகையை 2014-இல் 330 கோடி டாலருக்கு விற்று, அதை மீண்டும் ஆராய்ச்சியில் போட்டது. அந்த மருந்தின் விலையோ ஆண்டுக்கு ஏறக்குறைய 3,00,000 டாலராக இருந்தது. அறப்பணத்தில் பிறந்த மருந்து சாதாரண நோயாளிக்கு எட்டாமல் போகும் நிலையை இது காட்டுகிறது. ஆகவே, மருந்து விலையைப் பற்றியும் வறிய நாடுகளில் அது கிடைக்கும் வழியைப் பற்றியும் ஒரு நிபந்தனையை, பணம் கைமாறும் முன்பே குடும்பம் கேட்டுப் பெறுவது நல்லது. நிறுவனத்தோடு உரிமம் பேசி முடித்த பிறகு கேட்டால் யாரும் செவிகொடுக்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் சில வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். மின்சாரம், நிர்வாகம், கட்டடப் பராமரிப்பு என்று மருத்துவமனை பிடித்துக்கொள்ளும் மறைமுகச் செலவின் விகிதம் எவ்வளவு என்பது அதில் ஒன்று. அதை முழுவதும் மறுப்பது நியாயமில்லை, ஏனென்றால் உறைபெட்டிக்கு மின்சாரம் இல்லாமல் ஆராய்ச்சி இல்லை. முதன்மை ஆய்வாளர் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டால் பணம் அவரோடு போகுமா, இங்கேயே இருக்குமா என்பது இன்னொன்று. நச்சுத்தன்மையால் சோதனை பாதியில் நின்றுவிட்டால், மிச்சப் பணத்தை எந்த வகை ஆராய்ச்சிக்கு மாற்றலாம், அதை யார் முடிவுசெய்வது, உறைபெட்டியில் இருக்கும் மாதிரிகளை அடுத்த ஆய்வுக்கு எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பது என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். இருபதில் பத்தொன்பது மருந்துகள் ஒப்புதல் வரை போவதில்லை என்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு நாள் தேவைப்படப்போவது இந்தக் கடைசிப் பகுதிதான்.